உவரிக் கடற்கரையில் எலும்பு போன்ற கல் கிடைத்தது. அது புதைபடிவமா என்று எப்படி அறிவது?

சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்குத் தெற்கே, அலை அரித்த மணல் திட்டின் அடியில், ஒரு சாண் நீளத்தில் கால் எலும்பு போன்ற கல் ஒன்று கிடைத்தது என்றும், அதன் நடுவே துளை ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். படம் இணைக்காததால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனாலும் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் போக என்னால் முடியவில்லை. 1994-ஆம் ஆண்டு, ஏறத்தாழ அதே கரையில், நீங்கள் சொல்லும் அதே வடிவத்தில் ஒன்றை நானும் எடுத்தேன். அதனால் ஒரு வருத்தமும், பின்னாளில் ஒரு பெருமையும் எனக்கு உண்டாயின.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் நிலவியலில் பட்டம் பெற்றவள் அல்லள். திசையன்விளைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். துறை கற்றவர்கள் பிழை கண்டால் திருத்தலாம், திருத்தத்தை ஏற்றுக்கொள்வேன். ஆனால் ‘டீச்சருக்கு இது எதற்கு’ என்று எழுத நினைப்பவர்கள், கீழே உள்ளதை முழுவதும் படித்த பிறகு எழுதட்டும்.

உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் எலும்பாக இராது. வேர்க்கல்லாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. உவரியிலிருந்து குட்டம், பெரியதாழை வரை கரையை ஒட்டிய மணல் மேடுகளிலும், உள்ளே தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் அடியிலும் சுண்ணாம்பு இறுகிய அடுக்குகள் இருக்கின்றன. நம் ஊரார் சுக்கான்கல் என்று சொல்வது இதைத்தான். கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கிறது. மழைநீர் அந்தத் தூளிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டு செல்கிறது. அங்கே ஒரு செடியின் வேர் நீரை உறிஞ்சிக்கொள்ள, கரைந்திருந்த சுண்ணாம்பு அந்த வேரைச் சுற்றி உறைபோலப் படிந்து இறுகுகிறது. பிறகு செடி பட்டுப்போகிறது, வேர் மக்கிப்போகிறது, உறை மட்டும் குழாய் வடிவில் மண்ணுக்குள் நிற்கிறது. காற்றும் அலையும் மணலை அரித்த பின் அது வெளியே வந்து விழும்போது, பார்ப்பவர் எவருக்கும் முதலில் எலும்பென்றே தோன்றும். நிலவியலார் இதனை ரைசோலித் என்பார்கள்.

எலும்பையும் இதையும் பிரித்தறிய வீட்டிலேயே சில வழிகள் உண்டு. கைக்கண்ணாடி வைத்து உடைந்த முனையைப் பாருங்கள். எலும்பானால் வெளிப்புறம் இறுக்கமாகவும் உட்புறம் கடற்பஞ்சு போன்ற வலைப்பின்னலாகவும் இருக்கும். வேர்க்கல்லானால் மணற்பருக்கைகள் சுண்ணாம்பில் ஒட்டியிருப்பது தெரியும். சில துண்டுகளில் துளையைச் சுற்றி வளையம் வளையமாகப் படிந்ததையும் காணலாம். அடுத்து, அது எங்காவது கிளை பிரிகிறதா, ஒரு முனை நோக்கி மெலிகிறதா என்று பாருங்கள். வேர் கிளைக்கும், கால் எலும்பு கிளைப்பதில்லை. மூலையில் ஓரிடத்தில் மட்டும் ஒரு சொட்டு வினிகர் விட்டால், வேர்க்கல் நுரைக்கும். எலும்பின் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட் ஆகையால் அவ்வாறு நுரைப்பதில்லை. ஆனால் சிப்பியும் பவளமும் சாதாரணச் சுண்ணாம்புக்கல்லும் கூட நுரைக்கும் என்பதால், நுரைத்தது என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். எடையை வைத்து முடிவு செய்யச் சொல்பவர்களும் உண்டு. மண்ணுக்குள் கிடந்து கனிமம் ஏறிய எலும்பு கனக்கும் என்பது உண்மையே என்றாலும், பழக்கமில்லாத கைக்கு அது உதவாது.

இனி என் கதைக்கு வருகிறேன். 1994-ல் எனக்கு வயது இருபத்தெட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மேடு சரிந்து கிடந்த இடத்தில் ஒரு பையன் ‘டீச்சர், மனுசக் கை கெடக்கு’ என்று அலறினான். ஓடிப் பார்த்தால், முழங்கை அளவில் வெள்ளையாக ஒரு துண்டு, அதன் நுனியில் விரல்கள் போல மூன்று பிரிவுகள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தேரிகளில் கற்கால மனிதர் பயன்படுத்திய சிறு கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன என்பதும், 1956-ல் சாய்னர், ஆல்ச்சின் என்ற இருவர் அவற்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆதலால் அது அந்த மனிதர்களில் ஒருவரின் கையாக இருக்கலாம் என்றே நம்பினேன்.

மறு சனிக்கிழமை அதைப் பழைய சேலையில் சுற்றி, இரண்டு பேருந்து மாறி, ஒரு கல்லூரிக்குக் கொண்டுபோனேன். எந்தக் கல்லூரி என்று சொல்ல விரும்பவில்லை. அங்கிருந்தவர் சேலையை முழுவதும் பிரிக்கக்கூட இல்லை. ‘டீச்சர், இது வெறும் சுக்கான்கல். இதைப் போயா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?’ என்றார். அருகிலிருந்த இருவர் சிரித்தார்கள். கல்லை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள், வைத்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, அறையைச் சுத்தம் செய்கையில் வெளியே போட்டிருப்பார்கள் என்று பதில் வந்தது. பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், ‘அது எலும்பு இல்லை’ என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டேன். அந்தப் பையன் ‘அப்ப அது என்ன டீச்சர்?’ என்று கேட்டான். அதற்கு என்னிடம் விடை இல்லை. அவர் தவறாகச் சொன்னார் என்பது என் வருத்தமன்று. பெயரைச் சொன்னவர், அது எப்படி அந்த வடிவத்துக்கு வந்தது என்பதைச் சொல்லவில்லையே என்பதுதான்.

விடை கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2003-ல் வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் மாணவர்களோடு தேரியைப் பார்க்க வந்திருந்தார். குட்டத்துக்கு அருகே மேட்டின் வெட்டுமுகத்தில் நின்றுகொண்டிருந்தவர்களிடம் நானாகப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். என் கதையைப் பொறுமையாகக் கேட்ட அவர், கேட்ட முதல் கேள்வி இதுதான்: ‘அம்மா, அது மேட்டில் நின்றதா, கீழே விழுந்து கிடந்ததா?’ கிடந்தது என்றேன். ‘மேட்டின் எந்த அடுக்கிலிருந்து விழுந்திருக்கும் என்று பார்த்தீர்களா?’ பார்க்கவில்லை. பிறகு அவர் என்னை அந்த வெட்டுமுகத்துக்கு அருகில் அழைத்துச் சென்று காட்டினார். ஆள் உயரத்தில் ஒரு வரிசையாக, வெள்ளைக் குழாய்கள் செங்குத்தாகக் கீழ்நோக்கி இறங்கி, கிளைத்து, மெலிந்து மறைந்தன. அவை தொடங்கும் மட்டம்தான் ஒரு காலத்தில் நிலத்தின் மேற்பரப்பு, அங்கே செடிகள் வளர்ந்திருக்கின்றன, அதன்பின் காற்று மணலைக் கொண்டுவந்து மூடியிருக்கிறது என்று விளக்கினார். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பங்கு நிலத்தின் மேல் பனியாக உறைந்திருந்தபோது கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்றும், இன்று நம் மீனவர் வலை வீசும் இடங்களில் பல அன்று காற்றடிக்கும் வெறும் நிலமாகக் கிடந்தன என்றும் அவர் சொன்னபோது, நான் அந்த மேட்டின் மேல் கைவைத்தபடியே நின்றுவிட்டேன்.

‘இது புதைபடிவம்தானா?’ என்று அப்போதும் கேட்டேன். உடலின் எச்சம் அன்று, உயிர் விட்டுச்சென்ற தடம் என்றார். இதை ஏற்காதவர்கள் உண்டு என்று அறிவேன். பத்தாயிரம் ஆண்டுக்குக் குறைந்த எதையும் புதைபடிவம் என்று சொல்லக்கூடாது என்ற வழக்கமும் உண்டு. ஆனால் பாறையில் பதிந்த விலங்கின் காலடி தொல்லுயிர்த் தடமாகக் கொள்ளப்படும்போது, வேர் சென்ற வழி மட்டும் ஏன் வெறும் கல்லாக ஒதுக்கப்பட வேண்டும்? என் கை எலும்பு பொய்யாய்ப் போனது; ஆனால் அதனுள் மெய்யாகவே ஒரு செடி வாழ்ந்திருக்கிறது.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், நீங்கள் கோடி ஆண்டுகளை எதிர்பார்த்துவிட்டு ஏமாந்துபோகக்கூடாது என்பதே. நம் மாவட்டத்தின் அடிப்பாறைகள் சார்னோகைட், நைஸ் போன்றவை; பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அவற்றில் சிப்பியோ எலும்போ எஞ்சியிருக்க வழியில்லை. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்துக் கடல் விட்டுச்சென்ற படிவுகள் இருப்பதால் அங்கே அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரின் சுருள் ஓடுகளும், சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமும் கிடைத்தன. அங்கேயும்கூட 2020-ல் குன்னம் அருகே குளத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று ஊரெல்லாம் பரப்பி, பிறகு வல்லுநர்கள் வந்து மறுக்க வேண்டியதாயிற்று. நம் கரையில் கிடைப்பவை அவற்றைவிட மிக இளையவை. பனம்பாறைப் பக்கத்துச் சுண்ணாம்பு மணற்கல்லும், மணப்பாட்டில் புனித சவேரியார் குகை அமைந்த பாறையும் பழைய கரைமணல் இறுகி உண்டானவை. கொற்கையில் இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தும் மண்ணைத் தோண்டினால் சிப்பியும் சங்கும் வருகின்றன. இவை என் பள்ளிக்கு எட்டிய தொலைவில் இருந்தும், வகுப்பில் நான் கற்பித்த பாடத்தில் எங்கோ உள்ள புதைபடிவங்களின் படங்களே இருந்தன என்பதை இன்றும் ஆற்றாமையோடுதான் நினைக்கிறேன்.

ஒருவேளை உங்களுடையது உண்மையிலேயே எலும்பாக இருந்தால், இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கின. இறந்தவற்றைக் கரையிலேயே புதைத்தார்கள். 1973-லும் இதே கரையில் இப்படி நடந்திருக்கிறது. அலை புரட்டிப் போடும் பெரிய எலும்புகள் அத்தகையவையாக இருக்கலாம். திமிங்கலத்தின் எந்த உறுப்பையும் வீட்டில் வைத்திருப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பவளத் துண்டுக்கும் அதே நிலைதான். சந்தேகம் இருந்தால் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மற்றபடி, கல்லை யாரிடமாவது காட்டுவதற்கு முன், எடுத்த இடத்துக்கு மறுபடியும் போங்கள். கைபேசியில் இடக்குறிப்பைப் பதிந்து, மேட்டை முழுவதுமாகவும், பின்னர் அருகில் ஓர் அடிக்கோலை வைத்து நெருக்கமாகவும் படம் எடுங்கள். கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், மணலின் நிறம் எங்கே மாறுகிறது, அதே போன்ற துண்டுகள் இன்னும் நிற்கின்றனவா என்று எழுதிவையுங்கள். நிற்பதை உடைக்காதீர்கள். அந்தக் குறிப்போடு போனால் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியின் நிலவியல் துறையிலோ, இந்திய நிலவியல் ஆய்வு மையத்திலோ உங்களிடம் பேசுவதற்கு அவர்களுக்கும் ஒரு பிடி இருக்கும்.

சென்ற மாசி மாதம் நான் அந்தப் பழைய இடத்துக்குப் போயிருந்தேன். 1994-ல் இருந்த மேட்டில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மீந்திருந்த பாதியில், என் தோள் உயரத்தில், நான்கு வேர்க்கற்கள் நின்ற நிலையிலேயே இருந்தன. அந்தப் பையன் இப்போது உவரியில் சொந்தமாகப் படகு வைத்திருக்கிறான். அவனே அடிக்கோலைப் பிடித்துக்கொள்ள, நான் படம் எடுத்தேன்.