ராத்திரி நல்லாத்தானே இருந்துச்சு!

கேள்வி: எங்கள் பூனை சிட்டுவுக்குப் பதினோரு மாதம். இரவு மத்தி மீன் தலையைத் தின்றுவிட்டு மாடிப்படியில் ஓடி விளையாடியது. காலையில் பார்த்தால் தையல் மிஷினுக்கு அடியில் சுருண்டபடியே விறைத்துக் கிடந்தது. வாந்தி, நுரை, காயம் எதுவும் இல்லை. கணவர் கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டார். பக்கத்து வீட்டில் எலி மருந்து வைப்பார்கள், அதுவா? நான் போட்ட மீனா? மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ‘ஏம்மா செத்துச்சு?’ என்று கேட்டபடியே இருக்கிறாள். மாமியாரோ, ‘வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு’ என்கிறார்.
- வாசகி, கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

காரணம் இனித் தெரியப்போவதில்லை. கசப்பான இந்தப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். ஆனால் அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அந்த யோசனை யாருக்கு வரும்? இப்போது தோண்டிப் பார்ப்பதிலும் பயனில்லை, வேண்டாம்.

நீங்கள் எழுதியதை வைத்துச் சிலவற்றைச் சொல்லலாம். இளம் பூனைகள் இப்படித் திடீரென்று போவதற்கு மருத்துவர்கள் அடிக்கடி சொல்லும் காரணம், இதயத் தசை தடித்துப்போகும் நோய். ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமையோபதி என்பார்கள். பூனை ஓடும், ஏறும், வயிறாரத் தின்னும். ஒருநாள் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். ஸ்டெதாஸ்கோப்பில்கூடச் சில சமயம் பிடிபடாது, எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். துள்ளி விளையாடுகிற பூனையை எக்கோவுக்கு யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை.

எலி மருந்து தின்றிருந்தால் பெரும்பாலும் வாந்தியோ வலிப்போ ரத்தமோ ஏதாவது தடயம் இருந்திருக்கும். இதை நம்பிப் பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போகாதீர்கள். மருந்தை மூடி வைக்கச் சொல்வது நியாயம்தான், ஆனால் சிட்டுவின் பேச்சை எடுக்காமல் கேளுங்கள். மீன் தலையை மறந்துவிடுங்கள். இன்னொன்று, நீங்கள் இருப்பது ஏற்காட்டு அடிவாரம். கட்டுவிரியன் கடித்தால் பல் தடம்கூடத் தெரியாமல் போவதுண்டு. தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். இது பூனைக்காகச் சொல்வதல்ல.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மாமியாரின் பேச்சு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் ஊரில் ஆடு, மாடு, நாய் எது திடீரென்று செத்தாலும் பெரியவர்கள் மனசைத் தேற்ற இதைத்தான் சொல்வார்கள், உங்களுக்கேகூட அது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் எட்டு வயசுப் பிள்ளை அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வாள்: ‘எனக்கு வர வேண்டிய சாவை என் சிட்டு வாங்கிக்கிச்சு.’ அந்தப் பாரம் அவளுக்கு எதற்கு? மாமியாரைத் தனியே உட்காரவைத்து, ‘அத்தை, பாப்பா பயப்படுறா, அவ முன்னாடி மட்டும் வேண்டாம்’ என்று சொல்லுங்கள். பேத்திக்காக என்றால் கேட்டுக்கொள்வார்.

அவளிடம் ‘சிட்டு தூங்கிடுச்சு’ என்றும் சொல்ல வேண்டாம். பிறகு ராத்திரி கண்ணை மூடவே பயப்படுவாள். ‘செத்துப்போச்சு. அதோட நெஞ்சுக்குள்ள ஏதோ கோளாறு இருந்திருக்கலாம், யாருக்கும் சரியாத் தெரியாது. நீ ஒண்ணும் பண்ணல’ என்று நேராகச் சொல்லுங்கள். பத்து முறை கேட்டால் பத்து முறையும் இதையே சொல்லுங்கள்.

உங்கள் தூக்கம் இன்னும் திரும்பாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். பூனைக்காக அழுகிறேன் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

புதுக் குட்டியை உடனே கொண்டுவர வேண்டாம். பூனைகளுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் பார்வோ வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம்வரைகூடத் தாக்குப்பிடிக்கும். உங்கள் சிட்டுவுக்கு அது இருந்த மாதிரித் தெரியவில்லை, இருந்தாலும் அது படுத்த துணியை எரித்துவிட்டு, தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவிவிடுங்கள். பின்னால் எப்போதாவது குட்டி எடுத்தால், தடுப்பூசிகளை முழுசாகப் போட்டு முடித்த குட்டியாகப் பார்த்து எடுங்கள்.