லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிற பக்கத்து வீட்டுக்குப் பையன அனுப்பலாமா?

அமெரிக்கால டெக்ஸாஸ் மாநிலத்துல, டல்லாஸ் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. 8 வயசுப் பையன் தினமும் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போறான், அந்த வீட்டுக்காரர் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வச்சிருக்கார், "லைசென்ஸ்காரங்கள்ல தண்டனை வாங்கினவங்க 0.2 சதவீதம் கூட இல்ல, பயப்படாதீங்க"ன்னு சொல்றாராம். இத நம்பி அனுப்பலாமா?

முதல்ல அந்த நம்பர பார்த்துருவோம், அவர் பொய் சொல்லல, ஆனா தப்பா படிச்சிருக்கார். கைத்துப்பாக்கிய கூடவே கொண்டு போறதுக்கான இந்த லைசென்ஸ் டெக்ஸாஸ்ல 1996ல இருந்து இருக்கு, எந்தக் குற்றத்துல எத்தனை தண்டனை ஆச்சு, அதுல லைசென்ஸ்காரங்களுது எத்தனைன்னு அங்க இருக்கிற பொதுப் பாதுகாப்புத் துறை வருஷா வருஷம் பட்டியல் போடுது. 2011 பட்டியல்ல மொத்தம் 63,679 தண்டனை, அதுல லைசென்ஸ்காரங்களுது 120. கணக்குப் போட்டா 0.19 சதவீதம், அவர் சொல்ற "0.2 கூட இல்ல"ங்கிறது இதுதான், அதாவது தண்டனைகள்ல அவங்க பங்கு, லைசென்ஸ்காரங்கள்ல தண்டனை வாங்கினவங்க சதவீதம் இல்ல. அப்போ 5 லட்சத்துக்கு மேல லைசென்ஸ் இருந்துச்சு, 21 வயசு தாண்டினவங்கள்ல நூத்துக்கு சுமார் 3 பேர். அந்தக் கணக்குப்படி ஆயிரம் தண்டனைல 30 அவங்களுதா இருக்கணும், இருந்தது 2. இது உண்மையிலேயே ரொம்பக் கம்மி, அத மறைக்கவே கூடாது.

ஆனா ஏன் கம்மின்னு பாருங்க. பெரிய குற்றத்துல தண்டனை ஆனவங்களுக்கு லைசென்ஸ் கிடையாது, கடைசி 5 வருஷத்துல ஓரளவு சின்ன குற்றத்துல மாட்டியிருந்தாலும் கிடையாது, பிள்ளைக்குக் கட்ட வேண்டிய ஜீவனாம்சம் பாக்கி வச்சிருந்தாகூட கிடையாது, கைரேகை கொடுக்கணும், கிளாஸ் போகணும், சுட்டுக் காட்டணும், அப்போ ஃபீஸ் மட்டுமே 140 டாலர். அரிசிய முறத்துல புடைச்சு எடுத்துட்டு, புடைக்காத அரிசியோட வச்சு கல்லு எண்ணினா எதுல கம்மியா இருக்கும்? லைசென்ஸ் அவங்கள நல்லவங்களாக்கல, ஏற்கனவே வம்புக்குப் போகாதவங்கதான் அந்த வரிசைல வந்து நிக்கறாங்க. வயசு, வருமானம் எல்லாம் சரிசமமா வச்சு ஒப்பிட்டாதான் நியாயமான ஒப்பீடு, அந்தப் பட்டியல் அத செய்யறதே இல்ல. இன்னொண்ணு, 2021 செப்டம்பர்ல இருந்து டெக்ஸாஸ்ல பெரும்பாலானவங்க லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு போகலாம், அதனால லைசென்ஸ்காரங்களோட ஒப்பிடற "மத்தவங்க"ங்கிற கூட்டமே மாறிப்போச்சு.

2001லேர்ந்து 2009 வரைக்குமான இதே டெக்ஸாஸ் கணக்க வச்சு 2013ல ஒரு ஆய்வு வந்துச்சு. லைசென்ஸ்காரங்க தண்டனை வாங்கறது ரொம்பக் கம்மின்னுதான் அதுவும் சொல்லுது, ஆனா அப்படி வாங்கின கொஞ்சப் பேர்ல பாலியல் குற்றம், துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றம், உயிர் போன கேஸ், இதோட பங்கு மத்தவங்கள விட அதிகமா இருந்துச்சு. எனக்கு இந்தத் துறைல ரொம்ப முக்கியமா படறது இதுதான், ஏன்னா மொத்த சதவீதத்த மட்டும் பார்த்தா இது கண்ணுலயே படாது.

இப்ப உங்க பையனுக்கு வரேன். அந்தப் பட்டியல் எண்ணுறது கோர்ட்டுல ஆன தண்டனைய, பக்கத்து வீட்டுத் துப்பாக்கி கட்டில் பக்கத்து டிராயர்ல கிடக்கா லாக்கர்ல இருக்காங்கிறத இல்ல. அவர் தங்கமான மனுஷனாவே இருக்கலாம், டிராயரத் திறக்கப்போறது அவர் இல்லையே, ரெண்டு சின்னப் பசங்க. 17 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கைக்குச் சுடத் தயாரா இருக்கிற துப்பாக்கி கிடைக்கிற மாதிரி அலட்சியமா விட்டா டெக்ஸாஸ் சட்டப்படி குற்றம், லைசென்ஸ் இருந்தாலும் குற்றம்தான்.

அதனால நேரா கேளுங்க, கூச்சமே வேண்டாம், வேர்க்கடலை அலர்ஜி இருக்குன்னு சொல்றப்ப கூச்சப்படுவோமா என்ன. "அண்ணா, துப்பாக்கிய பூட்டி வச்சிருக்கீங்களா, தோட்டா தனியா இருக்கா, சாவி இருக்கிற இடமோ லாக்கர் நம்பரோ பசங்களுக்குத் தெரியுமா, கார்ல விட்டுட்டு வருவீங்களா?" டக்குனு பதில் சொல்லி லாக்கரக் காட்டினார்னா அனுப்புங்க. மழுப்பினார்னா அவர் பசங்கள உங்க வீட்டுக்கு விளையாட வரச் சொல்லுங்க.