பாதுகாப்பு உத்தரவை மீறினால் போலீஸ் வழக்குப் பதியலாமா?

பதியலாம். உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவு இருந்தும் கணவர் ராத்திரி வந்து கதவைத் தட்டியதற்கு, “கோர்ட்டுக்கே போங்கம்மா” என்று ஸ்டேஷனில் உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு. 2005 குடும்ப வன்முறைச் சட்டம், 31ஆம் பிரிவுப்படி இது தனிக் குற்றம்: ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவுக்கும் இதேதான். வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். சாட்சி இல்லையே என்று கலங்காதீர்கள். உங்கள் சாட்சியம் ஒன்றை வைத்தே நீதிமன்றம் முடிவெடுக்க 32ஆம் பிரிவு இடம் தருகிறது.

உத்தரவின் நகல் அந்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். சான்றிட்ட நகலோடு, அவர் வந்த தேதி, நேரம் எழுதி மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் இந்தச் சட்டப்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடமும் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும்: உத்தரவு, பாதுகாப்பு உத்தரவுக்கான 18ஆம் பிரிவின் கீழ் வந்ததா என்று பாருங்கள். வெறும் ஜீவனாம்ச உத்தரவென்றால் 31ஐப் பயன்படுத்துவது சிக்கல்.