அருங்காட்சியகத்தில் ஆதிக்குடிகளின் நிகழ்ச்சி: புதிதாக வந்த ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள தங்கைக்கு,

மெல்பேர்னுக்கு வந்து ஓராண்டு நிறைவதற்குள் உங்கள் மகளின் பாடசாலையிலிருந்து வந்த ஓர் அனுமதிக் கடிதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வகுப்புப் பிள்ளைகளை மெல்பேர்ன் அருங்காட்சியகத்திற்கு, ஆதிக்குடிகளின் பண்பாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறார்கள் என்றும், அங்கே புகைச் சடங்கும் இடம்பெறும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அது வேறு சமயத்தின் வழிபாடா, பிள்ளையை அனுப்பலாமா, வந்தேறியவர்களாகிய நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பவை உங்கள் கேள்விகள். பிள்ளையை நிச்சயமாக அனுப்புங்கள். இயன்றால் ஒரு வார இறுதியில் நீங்களும் கணவரும் அவளோடு மறுபடி போய் வாருங்கள். பல ஆண்டுகள் இந்த நகரத்தில் வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் புகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யூக்கலிப்டஸ் முதலான உள்ளூர் மரங்களின் பச்சை இலைகளைத் தணலில் இட்டு, எழும் புகையின் ஊடே வந்தவர்களை நடந்து செல்லச் சொல்வார்கள். அந்த நிலத்திற்கு உரியவர்கள் விருந்தினரைத் தூய்மைப்படுத்தி உள்ளே அழைக்கும் வரவேற்பு அது. யாரையும் வணங்கவோ எதையும் நம்பவோ அது கேட்பதில்லை. பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். விலகி நின்றால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொருள் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இந்த நாட்டின் அருங்காட்சியகங்களும் அப்படித்தான் தொடங்கின. அதைவிடக் கொடியவையாகவும் இருந்தன. டாஸ்மேனியாவில் 1876 இல் இறந்த ட்ருகனினி என்ற ஆதிக்குடிப் பெண்மணி, தன் உடலை யாரும் தீண்டக் கூடாது என்று வேண்டியிருந்தும், அவருடைய எலும்புக்கூட்டை அங்குள்ள அருங்காட்சியகம் 1947 வரை பார்வைக்கு வைத்திருந்தது. 1976 இல்தான் அவர் எரியூட்டப்பட்டு, சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது. அந்த அருங்காட்சியகம் தன் கடந்தகாலச் செயல்களுக்காக டாஸ்மேனிய ஆதிக்குடிகளிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2021 இல். இந்த வரலாற்றை அறிந்துகொண்டு போனால்தான், இன்று அதே வகை நிறுவனங்களுக்குள் ஆதிக்குடிகள் தாமே நின்று தம் கதையைச் சொல்வது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

மெல்பேர்ன் அருங்காட்சியகத்தின் உள்ளே உள்ள அவர்களுடைய பண்பாட்டு நிலையத்தின் பெயர் புன்ஜிலாக்கா. இந்த நகரத்தின் நிலம் குலின் மக்களுடையது. வுருண்ட்ஜெரி மக்கள் அவர்களில் ஒரு பிரிவினர். அவர்களுடைய படைப்புக் கதைகளில் உலகை ஆக்கியவர் புன்ஜில் என்னும் பெரிய கழுகு. காவலர் வா என்னும் காகம். 2013 இல் திறக்கப்பட்ட அங்குள்ள நிரந்தரக் காட்சியை, விக்டோரியா மாநிலம் முழுவதிலுமிருந்து வந்த மூத்தோரும் சமூகப் பிரதிநிதிகளும் அருங்காட்சியகத்தாரோடு சேர்ந்து உருவாக்கினார்கள். எதைக் காட்டுவது, எதை மறைத்து வைப்பது, எந்தச் சொல்லில் சொல்வது என்பதில் அவர்களுடைய குரல் இருந்தது. வெளியே மிலாரி என்ற தோட்டம் இருக்கிறது. உணவுக்கும் மருந்துக்கும் கயிற்றுக்கும் பயன்பட்ட செடிகளை அங்கே காணலாம். பிள்ளைகளுக்குப் பொது நுழைவுக் கட்டணம் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அங்கே நீங்கள் கட்டாயம் கேட்டறிய வேண்டியது பொசம் தோல் மேலாடையின் கதை. பொசம் என்பது இங்கே இரவில் கூரையில் ஓடும் அந்தச் சிறு விலங்குதான். குளிரும் மழையும் மிகுந்த இந்தத் தென்கிழக்குப் பகுதியில், அதன் தோல்களைக் கங்காருவின் வால் நரம்பால் தைத்து மேலாடை செய்தார்கள். பிறந்த குழந்தைக்குச் சில தோல்களால் தொடங்கி, பிள்ளை வளர வளரத் தோல்களைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். உட்புறத்தில், தோலின் மேல் கீறி, காவி மண் பூசி, அந்த மனிதரின் குலத்தையும் நிலத்தையும் குறிக்கும் கோலங்களை இடுவார்கள். இறந்தபோது பலரை அந்த ஆடையிலேயே பொதிந்து அடக்கம் செய்தார்கள். ஒருவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே ஆடையில் எழுதப்பட்டிருந்தது. பின்னர் குடியேற்ற அரசு ஆடைக்குப் பதிலாகக் கம்பளிப் போர்வைகளை வழங்கியது. அவை மழையில் ஊறின, மக்கள் நோயுற்றார்கள், தைக்கும் வழக்கமும் மங்கிப்போனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேலாடைகளில் உலகில் எஞ்சியவை மிகச் சில. அவற்றுள் இரண்டு, அதாவது யோர்ட்டா யோர்ட்டா மக்களின் நிலத்திலிருந்து 1853 இல் பெறப்பட்டதும், கொண்டா ஏரிப் பகுதியிலிருந்து 1872 இல் பெறப்பட்டதும், மெல்பேர்ன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. 1999 இல் ஆதிக்குடிப் பெண் கலைஞர்கள் சிலர், விக்கி கூசன்ஸ், டெப்ரா கூசன்ஸ், லீ டாரக், ட்ரீனா ஹாம் ஆகியோர், தம் முன்னோரின் அந்த ஆடைகளை நேரில் கண்டு, அவற்றைப் போலவே மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். பொசம் இங்கே பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால், அது பயிரை அழிக்கும் வந்தேறு விலங்காக இருக்கும் நியூசிலாந்திலிருந்து தோல்களைத் தருவித்தார்கள். 2006 இல் மெல்பேர்னில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவில் விக்டோரியாவின் மூத்தோர் புதிய மேலாடைகளை அணிந்து நின்றார்கள். இன்று பல சமூகங்களில் அந்தத் தையல் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. கிடங்கில் கிடந்த ஒரு பொருள் மறுபடியும் தோளில் ஏறியது. அருங்காட்சியக நிகழ்ச்சிகளால் என்ன பயன் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் மகளுக்கு இன்னொன்று மிகவும் பிடிக்கலாம். நாம் கார்த்திகைப் பெண்கள் என்று சொல்லும் விண்மீன் கூட்டத்தை, இந்த நிலத்து மக்கள் நெருப்பை வைத்திருந்த ஏழு சகோதரிகள் என்கிறார்கள். கிழங்கு தோண்டும் கோலின் நுனியில் தணல் ஏந்தித் திரிந்த அவர்களை ஏமாற்றிக் காகம் நெருப்பைப் பறித்ததாம். அந்தத் தணல்களே வானில் ஒளிர்கின்றனவாம். விளக்கீட்டு நாளில் வாசலில் தீபம் வைக்கும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

நமக்கு என்ன தொடர்பு என்று கேட்டீர்கள். ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. மொரீஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளியினரான தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மறே ஆற்றங்கரையில் மலோகாவிலும் பின்னர் கமராகஞ்சாவிலும் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டுகள் ஆசிரியராக இருந்தார். அந்த மக்களில் ஒரு பெண்ணை மணந்து அங்கேயே வாழ்ந்தார். அந்தப் பெண்ணின் சகோதரர் வில்லியம் கூப்பர், ஆதிக்குடிகளின் உரிமைக்காகப் போராடிய பெருந்தலைவர். 1938 டிசம்பரில், ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டதைக் கண்டித்து மெல்பேர்னில் இருந்த ஜெர்மன் துணைத்தூதரகத்திற்கு ஊர்வலம் போனவர் அவர். தம் சொந்த நாட்டில் முழு உரிமை இல்லாதவர்கள் வேறொரு மக்களுக்காக நடந்தார்கள் என்பதை நான் நினைக்காத ஆண்டு இல்லை.

நம்மில் பலர் நிலத்தை இழந்து வந்தவர்கள். ஆகவே அவர்களுடைய வலி நமக்குத் தெரியும் என்று நம்மவர் மேடைகளில் சொல்வதுண்டு. அந்த உணர்வு உண்மையானது. ஆனாலும் அவர்கள் இழந்த நிலத்தின் மேல்தான் நாம் வீடு வாங்கியிருக்கிறோம். அதனால், சொல்வதற்கு முன் கேட்பது நம் பொறுப்பு என்று நான் கருதுகிறேன்.

போகும்போது சிலவற்றை மனத்தில் வையுங்கள். ஆன்டி, அங்கிள் என்று ஒருவரை அறிமுகப்படுத்தினால், அது அவருடைய சமூகம் அவருக்கு அளித்த மதிப்பு, அப்படியே அழையுங்கள். இறந்தவர்களின் படமோ குரலோ இடம்பெறலாம் என்ற அறிவிப்பு சில இடங்களில் இருக்கும். அங்கே படம் எடுக்குமுன் கேளுங்கள். கூட்டம் இல்லாமல் பேச விரும்பினால் பெடரேஷன் சதுக்கத்தில் கூரி ஹெரிடேஜ் டிரஸ்ட் என்ற ஆதிக்குடிப் பண்பாட்டு நிலையம் இருக்கிறது. அங்கே கண்காட்சிகளோடு, ஆதிக்குடி வழிகாட்டிகள் ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லும் நடைகளும் உண்டு. மகள் வளர்ந்ததும் புஜ் பிம் என்ற இடத்துக்குப் போங்கள்: குண்டிஜ்மாரா மக்கள் விலாங்கு மீன் பிடிக்கக் கல்லால் அமைத்த, குறைந்தது 6,600 ஆண்டுப் பழமையான கால்வாய்கள் அங்கே இருக்கின்றன. யுனெஸ்கோ 2019 இல் அதை உலக மரபிடமாக ஏற்றது.

கடைசியாக ஒன்று. வழிகாட்டியின் நிறம் வெளுப்பாக இருந்தால், "நீங்கள் எத்தனை பங்கு ஆதிக்குடி?" என்று நம்மவர் கேட்டுவிடுகிறார்கள். விக்டோரியாவின் 1886 ஆம் ஆண்டுச் சட்டம் கலப்பு வம்சத்தவர் என்று பிரித்துக் குடும்பங்களைச் சிதைத்தது. அவ்வாறே நாடெங்கும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தாயிடமிருந்து பறிக்கப்பட்டார்கள். அதற்காக நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2008 பெப்ரவரியில்தான். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று மகளுக்கும் சொல்லிவையுங்கள். அதற்குப் பதிலாக, "உங்கள் மக்கள் எந்த நிலத்தைச் சேர்ந்தவர்கள்?" என்று அவள் கேட்கட்டும். ஆறு, மலை, பாட்டியின் ஊர் என்று நிதானமாகவே பதில் சொல்வார்கள். அவளுடைய பாட்டியின் ஊரையும் பெரும்பாலும் கேட்பார்கள்.

அன்புடன்,
அக்கா