எலிகளிடம் கண்டதை எப்படிச் சொல்வது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் நரம்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். எங்கள் குழுவின் கட்டுரை ஒன்று சில மாதங்களுக்கு முன் வெளியானது. வயதான எலிகளுக்கு ஒரு சேர்மத்தைக் கொடுத்தோம். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடையைத் தேடிக் கண்டுபிடிக்கும் நினைவாற்றல் சோதனையில் அவை மற்ற எலிகளைவிடச் சற்று நன்றாகச் செய்தன. முடிவு அவ்வளவுதான். எங்கள் நிறுவனத்தின் செய்திக்குறிப்பு அதற்கு ‘மறதிநோயாளிகளுக்குப் புதிய நம்பிக்கை’ என்று தலைப்பிட்டது. செய்தித்தளங்களில் அது ‘மறதிநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’ ஆகிவிட்டது. அடுத்த வாரம் ஒருவர் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். தன் தாயாருக்கு அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

நெறியாளரிடம் சொன்னேன். “நம் வேலை கட்டுரை எழுதுவது. மக்களிடம் பேசப் போனால் இப்படித்தான் ஆகும்” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எளிமையாகச் சொன்னால் பொய்யாகிவிடுகிறது. சரியாகச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. பேசாமல் இருப்பதுதான் நேர்மையா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பேசாமல் இருப்பது நேர்மை ஆகாது என்றே நினைக்கிறேன். கட்டுரை அச்சேறிய பிறகு அதைப் பற்றிய பேச்சை உங்களால் நிறுத்த முடியாது. நீங்கள் விலகிக்கொண்டால் அந்த இடத்தில் உங்களைவிடக் குறைவாக அறிந்த ஒருவர் நின்று பேசுவார். உங்களை அழைத்த மகன் தவறாக எதையும் கேட்டுவிடவில்லை. இது என் வீட்டில் இருப்பவருக்கு உதவுமா என்று கேட்டார். எந்த மருத்துவ ஆய்வைப் பற்றியும் ஒருவர் கேட்கக்கூடிய மிக இயல்பான கேள்வி அது. அதற்கான விடை உங்கள் கையில் இருந்தது: இது எலிகளிடம் செய்த சோதனை, மனிதர்களிடம் இன்னும் தொடங்கவே இல்லை. அந்த ஒரு வரி செய்தியின் தொடக்கத்தில் இருந்திருந்தால் அவர் வீணாக நம்பியிருக்க மாட்டார்.

அந்த வரி எங்கே தொலைந்தது என்று பார்க்க வேண்டும். பொதுவாகப் பழியைப் பத்திரிகையாளர் மேல் போட்டுவிடுகிறோம். 2014இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முறையாகச் சோதித்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, அவற்றை ஒரு பக்கம் மூல ஆய்வுக்கட்டுரையோடும் மறுபக்கம் அதிலிருந்து பிறந்த செய்திகளோடும் ஒப்பிட்டார்கள். விலங்கு ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில் 36 சதவீதத்தில், அந்த முடிவை மனிதர்களுக்கு நீட்டிச் சொல்லும் மிகை இருந்தது. செய்திக்குறிப்பு அப்படி மிகைப்படுத்தியபோது, அதை ஒட்டி வந்த செய்திகளில் 86 சதவீதம் மிகைப்படுத்தின. செய்திக்குறிப்பு அடக்கமாக இருந்தபோது 10 சதவீதச் செய்திகளே மிகைப்படுத்தின.

இந்த இரண்டு எண்களையும் உங்கள் நெறியாளருக்குக் காட்டுங்கள். மிகைக்கும் செய்திக்குறிப்புக்கும் இவ்வளவு நெருக்கமான உறவு இருக்கிறது. அந்தக் குறிப்பு ஆய்வாளரின் கண்ணில் படாமல் வெளியே போவது அரிது. பெரும்பாலும் அவருடைய மேற்கோளும் அதில் இருக்கும். இதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மிகைப்படுத்திய குறிப்புகளுக்குக் கூடுதல் செய்தி இடம் கிடைத்தது என்பதற்கு வலுவான சான்று இல்லை. அந்த ‘புதிய நம்பிக்கை’ என்ற தலைப்பு உங்கள் நிறுவனத்துக்கு எதையும் ஈட்டித் தந்திருக்காது.

உங்கள் துறையிலேயே இதற்கு இன்னும் நெருக்கமான சான்று இருக்கிறது. மறதிநோயின் மிகப் பரவலான வகையான அல்சைமர் பற்றி, எலிகளை வைத்துச் செய்யப்பட்ட 623 ஆய்வுக்கட்டுரைகளை ஆராய்ந்து 2021இல் ப்ளோஸ் பயாலஜி இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைத் தலைப்பில் எலியைக் குறிப்பிடாமல் விட்டபோது செய்தித் தலைப்புகளும் பெரும்பாலும் விட்டுவிட்டன. தலைப்பில் எலி இருந்தபோது செய்தியிலும் அது வருவது கூடியது. ஆக, மகன் ஏமாறுவதா இல்லையா என்பதன் முதல் முடிவு நீங்கள் கட்டுரைக்குத் தலைப்பு வைக்கும்போதே எடுக்கப்படுகிறது. உங்கள் கட்டுரையின் தலைப்பை எடுத்துப் பாருங்கள். அதில் எலி இருக்கிறதா?

இனி உங்கள் கடிதத்தின் மையக் கேள்வி: எளிமையாகச் சொன்னால் பொய்யாகிவிடுகிறது என்கிறீர்கள். எளிமையாக்குவது என்றால் சிலவற்றை விடுவது. எதை விடுகிறோம் என்பதில்தான் பொய்யும் உண்மையும் பிரிகின்றன. ஆய்வாளர்கள் பேசுவதைக் கேட்கும்போது ஒன்றை மீண்டும் மீண்டும் கவனிக்கிறேன். புரதத்தின் பெயரை விட அவர்களுக்கு மனம் வருவதில்லை, ஏற்பியின் பெயரை விட மனம் வருவதில்லை. ஆனால் எத்தனை எலிகள், எவ்வளவு முன்னேற்றம், எவ்வளவு காலம் என்பவற்றைத் தயங்காமல் விட்டுவிடுகிறார்கள். கேட்பவருக்குத் தேவைப்படுவது இதற்கு நேர்மாறானது. அந்தப் புரதத்தின் பெயர் தெரியாமலேயே ஒருவர் உங்கள் முடிவைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும். ‘எலிகளிடம்’ என்பது தெரியாமல் முடியாது. ‘சற்று’ என்பது எவ்வளவு என்று தெரியாமலும் முடியாது.

எண்ணைச் சொல்லும் விதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது: மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள், முந்தைய மாத்திரைகளோடு ஒப்பிட்டால், ஆபத்தான ரத்த உறைவு ஏற்படும் வாய்ப்பை இரண்டு மடங்காக்குகின்றன. அதாவது 100 சதவீத அதிகரிப்பு. சொன்னது பொய்யில்லை. ஆனால் அடியில் இருந்த கணக்கு இது: முந்தைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு ரத்த உறைவு ஏற்பட்டது, புதியதில் 7,000 பெண்களில் இருவருக்கு. ‘இரண்டு மடங்கு’ என்ற செய்தியைக் கேட்டுப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். தேவையற்ற கருத்தரிப்புகள் நேர்ந்தன. அடுத்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிடப்பட்டது. கருவுற்ற பெண்ணுக்கு ரத்த உறைவு ஏற்படும் வாய்ப்பு அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். எந்த ஆபத்திலிருந்து காக்க எச்சரித்தார்களோ, அதைவிடப் பெரிய ஆபத்துக்குள் அந்த எச்சரிக்கையே பலரைத் தள்ளிவிட்டது.

‘7,000 பேரில் ஒருவர், 7,000 பேரில் இருவர்’ என்பது கடினமான வாக்கியமா? பள்ளிக்குழந்தைக்கும் விளங்கும். ‘இரண்டு மடங்கு’ என்பதைவிட எளியது, அதே நேரம் அதைவிட முழுமையான உண்மை. சரியாகச் சொன்னால் யாருக்கும் புரியாது என்ற உங்கள் எண்ணத்தை இந்த ஓர் இடத்திலாவது மறுபரிசீலனை செய்யுங்கள்.

2002 ஜூலையில் அமெரிக்காவில் நடந்தது இன்னும் சிக்கலானது. மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டும் சேர்ந்த ஹார்மோன் சிகிச்சையைச் சோதித்த பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. எண்ணிக்கையாகச் சொன்னால், சிகிச்சை பெறாதவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 30 பேர், பெற்றவர்களில் 38 பேர். எட்டுப் பேர் கூடுதல். அது சிறிய விஷயம் என்று நான் சொல்லவில்லை. அந்த எட்டுப் பேரில் ஒருவராக இருப்பவருக்கு அது முழு வாழ்க்கை. ஆனால் இடுப்பெலும்பு முறிவு 10,000 பேருக்கு 15 என்பதிலிருந்து 10 ஆகக் குறைந்ததும் அதே ஆய்வில்தான் இருந்தது. இதய நோய் 30 என்பதிலிருந்து 37 ஆகக் கூடியதும் இருந்தது. இவை எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால், ஒரு பெண் தன் மருத்துவரோடு உட்கார்ந்து தனக்கு எது முக்கியம் என்று முடிவெடுத்திருக்க முடியும். இன்னொன்றும் சொல்லப்பட வேண்டியிருந்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்ற உடனே, ஐம்பதை ஒட்டிய வயதில், தொந்தரவு தாங்காமல் சிகிச்சையை நாடும் பெண்களுக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்துமா என்பது தனிக் கேள்வி. ‘யாரிடம் கண்டோம்’ என்பது தொலைந்த செய்தி, பொருந்தாதவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. உங்கள் எலிகளுக்கு நேர்ந்ததும் இதுவே.

இவ்வளவு வரம்புகளைச் சொன்னால் மக்கள் நம்மை நம்ப மாட்டார்கள் என்று ஆய்வாளர்கள் அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்தையும் சோதித்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 5,780 பேரிடம் நடத்திய ஐந்து பரிசோதனைகளை 2020இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று பிபிசி செய்தித்தளத்தின் வாசகர்களிடமே நடந்தது. ‘இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இருக்கலாம்’ என்று வரம்பைக் கொடுத்தபோது நம்பிக்கை மிகச் சிறிதளவே குறைந்தது. ‘இதில் ஓரளவு நிச்சயமின்மை இருக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னபோதுதான் அதைவிட அதிகமாகக் குறைந்தது. நிச்சயமின்மையை மழுப்பாமல் அளவோடு சொல்பவரை மக்கள் நம்புகிறார்கள்.

அவசரப்படாமல் உறுதிசெய்துகொண்டு பேசுவதன் பயனுக்கு வானியலிலும் ஓர் இணை உண்டு. 2014 மார்ச்சில், தென்துருவத்தில் தொலைநோக்கி வைத்து ஆய்ந்த பைசெப்-2 குழு, பிரபஞ்சத்தின் முதல் கணத்தில் பிறந்த ஈர்ப்பு அலைகளின் தடயத்தைக் கண்டதாக, கட்டுரையைப் பிற வல்லுநர்கள் சரிபார்க்கும் மதிப்பாய்வு முடியும் முன்பே செய்தியாளர் சந்திப்பில் அறிவித்தது. ஓராண்டுக்குள், பிளாங்க் விண்கலத் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தச் சைகைக்கு நம் பால்வீதியின் தூசியே போதுமான விளக்கம் என்று தெரிந்தது. ஈர்ப்பு அலைகளை நேரடியாகத் தேடிய லைகோ குழு 2015 செப்டம்பர் 14இல் தன் சைகையைப் பதிவு செய்தது. வதந்திகள் கசிந்தும் 2016 பிப்ரவரி 11 வரை காத்திருந்து, மதிப்பாய்வு முடிந்த கட்டுரையோடு அறிவித்தது. இரண்டும் திறமையான குழுக்கள்தாம். பொறுத்திருந்தவர்கள் சொன்னதை யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

மிகைப்படுத்துவது மட்டுமே ஆபத்து என்றும் நினைத்துவிடாதீர்கள். அளவுக்கு மீறித் தேற்றுவதும் அதே குற்றம். இத்தாலியின் லாக்விலா நகரில் 2009இன் தொடக்க மாதங்களில் சிறு சிறு நில அதிர்வுகள் தொடர்ந்தன. மார்ச் 31இல் வல்லுநர் குழு கூடியது. அதையொட்டி ஓர் அரசு அதிகாரி தொலைக்காட்சியில், சிறு அதிர்வுகளால் ஆற்றல் வெளியேறிக்கொண்டிருப்பதால் நிலைமை சாதகம் என்ற பொருளில் பேசினார். நில அதிர்வியல் ஏற்காத கருத்து அது. ஏப்ரல் 6 அதிகாலை பெரிய நிலநடுக்கம் வந்தது, 309 பேர் இறந்தார்கள். அதிர்ந்தால் வெளியே போய்ப் படுக்கும் தங்கள் பழைய வழக்கத்தைக் கைவிட்டு வீட்டுக்குள் இருந்ததாகப் பலியானோரின் உறவினர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2012இல் அந்த அதிகாரிக்கும் ஆறு விஞ்ஞானிகளுக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2014இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் விடுவிக்கப்பட்டார்கள். அந்த விடுதலை சரியானது என்றே கருதுகிறேன், நிலநடுக்கத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ‘முன்கூட்டிச் சொல்ல முடியாது’ என்ற அந்த வாக்கியம்தான் அந்த வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதன் இடத்தில் ஓர் ஆறுதல் போய்ச் சேர்ந்தது. பேச்சை வேறொருவரிடம் விட்டுவிடுவதன் விலையை எண்ணும்போதெல்லாம் லாக்விலாதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விவரித்த முடிவை நான் இப்படி எழுதுவேன், எண்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்:

“வயதான இத்தனை எலிகளில் பாதிக்கு ஒரு சேர்மத்தைக் கொடுத்தோம், மீதிக்குக் கொடுக்கவில்லை. தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்கக் கொடுக்கப்பட்டவை சராசரியாக இத்தனை நொடிகள் எடுத்துக்கொண்டன, கொடுக்கப்படாதவை இத்தனை நொடிகள். இந்தச் சேர்மம் மனிதர்களிடம் சோதிக்கப்படவில்லை. பாதுகாப்பானதா என்றும் தெரியாது. எலிகளிடம் பலன் தந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை மனிதர்களிடம் பலன் தரவில்லை. அடுத்து இதைச் செய்யப்போகிறோம்.”

கடைசிக்கு முந்தைய வரியை மென்மைப்படுத்தச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். 2002 முதல் 2012 வரை பதிவான அல்சைமர் மருந்துச் சோதனைகளை ஆராய்ந்தவர்கள் 244 சேர்மங்களைக் கணக்கிட்டார்கள். அனுமதி பெற்றது ஒன்றே ஒன்று. தோல்வி விகிதம் 99.6 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். உங்கள் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த இந்த உண்மை, நோயாளியின் வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டிய கடமை தெரிந்தவர்களுடையது.

இதனால் உங்கள் ஆய்வு சிறுத்துவிடுவதாக நினைக்காதீர்கள். மூப்படையும் மூளை எப்படி மறக்கிறது என்பதை ஓர் எலியின் வழியாகவேனும் கொஞ்சம் கூடுதலாக அறிவது உண்மையிலேயே பெரிய காரியம். அதை அந்த அளவிலேயே மக்கள் முன் வையுங்கள், ரசிப்பார்கள்.

நடைமுறையில் இரண்டு வேலைகள். அடுத்த கட்டுரைக்குச் செய்திக்குறிப்பு எழுதப்படும்போது, முதல் வரைவை நீங்களே எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். செய்தித்தொடர்புப் பிரிவில் பலர் அதை வரவேற்கவே செய்வார்கள். அவர்களுக்கும் தவறான செய்தி வெளிவருவதில் விருப்பமில்லை. வரைவை உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ‘புரிந்ததா’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். திருப்பிச் சொல்லும்போது அவர் எலியை விட்டுவிட்டால் பிழை உங்கள் வரைவில் இருக்கிறது, அவரிடம் இல்லை. மறுபடி எழுதுங்கள்.

இரண்டாவது, ஏற்கனவே வெளியான செய்திகளைத் திருத்தக் கேட்டு எழுதுங்கள். மாதங்கள் கடந்துவிட்டன என்று விட்டுவிட வேண்டாம். இணையத்தில் அந்தத் தலைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது, இன்று இரவும் யாராவது அதைத் தேடி வாசிப்பார்கள். நிறுவனத்தின் செய்திக்குறிப்பிலிருந்தே தொடங்குங்கள். நெறியாளரின் கையெழுத்தும் சேர்ந்தால் வேகமாக நடக்கும். அவர் மறுத்தாலும், கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் என்ற முறையில் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அன்புடன்.