கடுங்குளிரில் யுரேனியச் சேர்மங்கள்: வெப்ப ஏற்புத்திறன் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மின்தடை பூச்சியமாகிவிட்டாலே அது மீக்கடத்தி என்று தெரிந்துவிடுகிறதே. வெப்ப ஏற்புத்திறனையும் (பொருளை ஒரு கெல்வின் சூடாக்கத் தேவையான வெப்பத்தையும்) எதற்கு அளக்க வேண்டும்?

பதில்: மாதிரிக்குள் மயிரிழை அளவுக்கு ஒரு மீக்கடத்திப் பாதை இருந்தாலே மின்தடை பூச்சியமாகிவிடும். மற்ற பகுதி முழுவதும் சாதாரண உலோகமாகவே இருக்கலாம். வெப்ப ஏற்புத்திறனோ மாதிரி முழுவதையும் கணக்கெடுக்கும். ஒரு யுரேனியத்துக்கு 13 பெரிலியம் கொண்ட சேர்மத்தில் 1975லேயே ஒரு கெல்வினுக்குச் சற்றுக் கீழே மீக்கடத்தல் தென்பட்டது. கலந்துகிடக்கும் யுரேனிய இழைகளின் வேலை அது என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1983இல் ஓட், ஃபிஸ்க், ஸ்மித் என்ற இயற்பியலாளர்களின் குழுவினர் வெப்ப ஏற்புத்திறனை அளந்தபோது, மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலையில் பெரிய தாவல் தெரிந்தது. சில இழைகளால் அவ்வளவு பெரிய தாவல் வராது. எட்டு ஆண்டுகள் கைக்கெட்டிய கண்டுபிடிப்பு காத்துக்கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

கேள்வி: "கனமான எலக்ட்ரான்" என்கிறார்களே, அதை எப்படி எடைபோடுகிறார்கள்?

பதில்: வெப்ப ஏற்புத்திறனை வெப்பநிலையால் வகுத்து, வெப்பநிலையின் வர்க்கத்துக்கு எதிராக வரைபடம் போடுங்கள். சாதாரண உலோகத்தில் நேர்கோடு வரும். சாய்வு அணிக்கோவை அதிர்வுகளுடையது, அதாவது படிகத்தில் அடுக்கிய அணுக்களின் அதிர்வு; செங்குத்து அச்சில் வெட்டும் அளவு எலக்ட்ரான்களுடையது. அது பெரிதானால் எலக்ட்ரான் கனமானதுபோல நடக்கிறது என்று பொருள். செம்புக்கு அது மோலுக்கு 0.7 மில்லிஜூல் அளவு (கெல்வின் வர்க்கத்துக்கு). மேற்சொன்ன பெரிலியம் சேர்மத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும்.

கேள்வி: தளர்வு முறையில் அளக்கிறேன். ஒரே மாதிரி, இரண்டு நாளில் இரண்டு விடை. எங்கே பார்ப்பது?

பதில்: மாதிரியை மேடையில் ஒட்டத் தடவும் கிரீஸை முதலில் பாருங்கள், தம்பி. மெல்லிய கம்பிகளில் தொங்கும் மேடையைச் சிறிது சூடாக்கி, ஹீட்டரை அணைத்து, அது குளிர எடுக்கும் நேரத்தைத்தான் அளக்கிறோம். அந்த நேர மாறிலியைக் கம்பிகளின் வெப்பக் கடத்தலால் பெருக்கினால் வருவது மாதிரி, மேடை, கிரீஸ் மூன்றும் சேர்ந்த தொகை. கிரீஸ் தடவிய வெறும் மேடையை முதலில் அளந்து, அதே கிரீஸின் மீது மாதிரியை வையுங்கள். எடுத்துவிட்டு மறுபடி தடவினால் பழைய கழித்தல் கணக்கு செல்லாது. மாதிரியின் அடிப்புறம் தட்டையாக இல்லாவிட்டால் ஒட்டுதல் கெட்டு, குளிரும் வளைவில் இரண்டாவது நேர மாறிலி ஒன்று தலைகாட்டும். யுரேனியம் டை ஆக்சைடு 30.8 கெல்வினில் மாறுவதுபோல முதல்வகை மாற்றமாக (பனிக்கட்டி உருகுவதுபோல உள்ளுறை வெப்பத்தோடு நடப்பதாக) இருந்தால், வழக்கமான வளைவுப் பொருத்தல் உள்ளுறை வெப்பத்தைக் கரைத்துக் காட்டிவிடும். அங்கே நீண்ட வெப்பத் துடிப்பு கொடுத்து, வளைவைப் புள்ளி புள்ளியாக ஆராய வேண்டும்.

கேள்வி: யுரேனியம் கதிரியக்கத்தால் தானே சூடாகி அளவைக் கெடுக்காதா?

பதில்: யுரேனியம்-238இன் ஆல்பா சிதைவு கிராமுக்குத் தருவது 10 நானோவாட்டுக்கும் குறைவு. நாம் வைப்பதோ சில மில்லிகிராம். புளூட்டோனியம்-239 ஏறத்தாழ 2 மில்லிவாட் தரும், அங்கேதான் திண்டாட்டம். யுரேனியத்தில் அஞ்ச வேண்டியது தூள்: மூச்சில் போகக் கூடாது.

கேள்வி: என் வரைபடத்தில் அருகருகே இரண்டு தாவல்கள். புதிய கட்டம் (பொருளின் புதிய நிலை) என்று எழுதலாமா?

பதில்: பொறுங்கள். ஒரு யுரேனியத்துக்கு மூன்று பிளாட்டினம் கொண்ட சேர்மத்தில், அரை கெல்வின் அருகே, சுமார் 0.05 கெல்வின் இடைவெளியில் இரண்டு தாவல்களை 1989இல் அளந்தார்கள். காந்தப்புலத்திலும் அழுத்தத்திலும் அந்த இரண்டும் நெருங்கி ஒன்றுசேர்ந்தன. ஆகவே அவை இரண்டு மீக்கடத்துக் கட்டங்கள் என்று நிலைத்தது. யுரேனியம் டைடெல்லூரைடின் கதை வேறு. அதன் சில படிகங்களிலும் இரண்டு தாவல்கள் தெரிந்தன. பின்னர் வளர்த்த தூய படிகங்களில் 2 கெல்வினை ஒட்டி ஒரே தாவல்தான். பார்வைக்கு இரண்டு வரைபடங்களும் ஒன்றுபோலவே இருக்கும். படிகத்தை இரண்டாக வெட்டித் தனித்தனியே அளந்து பாருங்கள். துண்டுக்குத் துண்டு விகிதம் மாறினால் படிகமே சீராக இல்லை என்று பொருள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு தாவல்கள் அதே விகிதத்தில் வந்தால், அடுத்து காந்தப்புலத்தில் அளக்கலாம்.