சாவி வேண்டுமா, பாக்கி வேண்டுமா?

கேள்வி: கொவிட்-19 காலத்தில் சிங்கப்பூர் ஈசூனில் உள்ள என் வீட்டில் வாடகைக்கு இருந்தவர் 4 மாத வாடகை தரவில்லை. "இப்போது யாரையும் காலி செய்யச் சொல்ல முடியாது, சட்டம் வந்துவிட்டது" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது இருப்பவரும் 3 மாதமாகத் தரவில்லை. 2 ஆண்டு ஒப்பந்தம், மாதம் 2,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முன்பணம் 2 மாதம். பூட்டை மாற்றிவிடலாமா?

பதில்: பூட்டில் கை வைக்காதீர்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தாதீர்கள். ஆள் உள்ளே குடியிருக்கும்போது அப்படிச் செய்தால், பாக்கி வைத்தவர் உங்கள் மேல் வழக்குப் போடும் நிலை வந்துவிடும்.

பழைய விஷயத்தில் உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் வந்த தற்காலிக நடவடிக்கைகள் சட்டம் கடை, அலுவலகம், தொழிற்கூடம் போன்ற இடங்களுக்குத்தான் அந்தப் பாதுகாப்பைத் தந்தது. குடியிருப்பு வீடுகள் அதில் சேரவில்லை. நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய கிருமி முறியடிப்புக் காலத்தில் (சர்க்கிட் பிரேக்கர்) நீதிமன்றங்கள் அவசர வழக்குகளை மட்டும் எடுத்ததால் தாமதம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

இப்போதைய பாக்கி 8,400 வெள்ளி, கையில் இருக்கும் முன்பணம் 5,600. "முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கழித்துவிட்டால் உடைந்த கதவுக்கும் ஏர்கான் பழுதுக்கும் கையில் எதுவும் மிஞ்சாது.

அடுத்து ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா? 4 ஆண்டு வரையிலான வாடகை ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, உங்களுடையதற்கு 268 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்தானால் 14 நாளுக்குள் கட்டவேண்டும். கட்டாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 3 மாதத்துக்கு மேல் தாமதமானால் தீர்வையைப்போல் 4 மடங்கு வரை அபராதம் உண்டு, ஆனாலும் கட்டிவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடாக இருந்து அனுமதியில்லாமல் வாடகைக்கு விட்டிருந்தால், வழக்கறிஞரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

பிறகு ஒரே தாளில் கணக்கு எழுதுங்கள்: மாதம், வரவேண்டியது, வந்தது, வந்த தேதி, நிற்பது. 'மார்ச்: 2,800, வந்தது 1,000, நிற்பது 1,800' என்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும். அதை இணைத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். வாடகை தராவிட்டால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு சொல்கிறதோ, அதன் எண்ணைக் குறிப்பிட்டு 7 அல்லது 14 நாள் கெடு கொடுங்கள். பதிவுத் தபால், வாட்ஸ்அப் இரண்டிலும் போகட்டும். வேலை போன குடும்பம் என்று தெரிந்தால், பாக்கியைத் தவணையாக அடைக்க எழுத்தில் உடன்பாடு போடுங்கள். பணக் கஷ்டத்தில் உதவும் சமூக சேவை அலுவலகத்தைப் பற்றியும் சொல்லுங்கள். அது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் பணம் வர வழி.

கெடு முடிந்த பின் ஒன்றைத் தீர்மானிக்கவேண்டும்: வீடா, பணமா? இரண்டுக்கும் வழி வேறு வேறு.

பணம் மட்டும் போதும், அவர் இருக்கட்டும் என்றால், 'ரிட் ஆஃப் டிஸ்ட்ரெஸ்' என்ற ஆணை கேட்கலாம். கடைசி 12 மாத பாக்கி வரைக்கும் கிடைக்கும். நீதிமன்ற அலுவலர் வந்து வாடகைதாரரின் பொருள்களைக் கைப்பற்றுவார். 5 நாளுக்குள் பணம் வராவிட்டால் ஏலம். உடுத்தும் துணிக்கும் படுக்கைக்கும் விலக்கு உண்டு. சோபா, பிரிட்ஜ் எல்லாம் உங்களுடையதாக இருக்கும் வீட்டில் ஏலம் போட என்ன இருக்கும்? சரக்கு நிறைந்த கடைக்குத்தான் இது பயன்படும். அதோடு, இந்த ஆணையைக் கேட்பதே வாடகை உறவு தொடர்கிறது என்று நீங்கள் ஒப்புக்கொள்வதாகும். காலி செய்யச் சொல்லிக்கொண்டே இதையும் கேட்க முடியாது.

வீடு வேண்டுமென்றால், ஒப்பந்தம் முடிந்தது என்று எழுத்தில் அறிவித்து, வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அமலாக்க ஆணை வழியாகச் சாவியைப் பெறவேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. அறிவித்த பிறகு, அடுத்த மாத வாடகை என்று அவர் பேநவ்வில் (உடனடி வங்கிப் பணமாற்று வசதி) 2,800 அனுப்புவார். பேசாமல் வாங்கிவிட்டால் ஒப்பந்தம் உயிரோடு இருப்பதாக வாதம் எழும். "பழைய பாக்கிக்கு வரவு வைக்கிறேன், இது புது வாடகை அல்ல" என்று அன்றே எழுதி அனுப்புங்கள். விசாரணையின்போது அவர் பாக்கியையும் செலவையும் முழுதாகக் கட்டினால், நீதிமன்றம் ஒப்பந்தத்தை அவருக்கே திருப்பித் தரக்கூடும். அதற்கும் தயாராக இருங்கள். ஒப்பந்தம் முடிந்தும் நகராவிட்டால், வெளியேறும்வரை இரட்டிப்பு வாடகை கேட்க குடியியல் சட்டம் இடம் தருகிறது.

கேள்வி: வாடகைதாரர் காலி செய்துவிட்டார், பாக்கி நிற்கிறது. வழக்கறிஞர் செலவுக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் உங்களுக்குப் போதும். 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தம், 20,000 வெள்ளி வரை (இருவரும் சம்மதித்தால் 30,000), பாக்கி ஏற்பட்டு 2 ஆண்டுக்குள். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. இணையத்திலேயே மனுப் போடலாம். காலி செய்ய உத்தரவிடும் அதிகாரம் மட்டும் அதற்கு இல்லை.

கேள்வி: தேக்காவில் எங்கள் கடையை வாடகைக்கு எடுத்தவர் 2020 வாடகையைச் சட்டமே தள்ளுபடி செய்துவிட்டது என்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2020 ஏப்ரல் 20 முதல் நவம்பர் 19 வரை தற்காலிக நடவடிக்கைகள் சட்டம் தந்த பாதுகாப்பு, பாக்கிக்காக எடுக்கும் சட்ட நடவடிக்கையைத்தான் தள்ளிவைத்தது, வாடகையைத் தள்ளுபடி செய்யவில்லை. தனியே வந்த நிவாரணத் திட்டத்தில் தகுதிபெற்ற சிறு, நடுத்தரக் கடைகளுக்கு 4 மாதம் வரை அடிப்படை வாடகை தள்ளுபடி உண்டு. அவர் தகுதி பெற்றாரா என்பதற்கான அறிவிப்புக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள்.